தோல் மூப்பும் அன்றாட வாழ்வும்



ஒரு குடும்பம் தன் முன்னோர் பெயரில் கல்விக்கென ஒதுக்கிய பொருளில் இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பயன்படுத்தக்கூடிய ஒன்றைச் சொல்வதே அந்தக் கொடைக்கு நான் செய்யக்கூடிய மரியாதை. அதனால்தான் என் துறையில் நாள்தோறும் என் முன் வந்து உட்காரும் ஒரு கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

தோல் மருத்துவரிடம் முன்பெல்லாம் சொறி, படை, தேமல் என்று வருவார்கள். இன்றும் வருகிறார்கள். அவர்களுக்கு நிகராக, "டாக்டர், வயசுக்கு மேல வயசான மாதிரி முகம் ஆயிடுச்சு, என்ன செய்யலாம்?" என்று கேட்டு வருகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியை கேட்கிறார், லாரி ஓட்டுநர் கேட்கிறார், மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்த தாய் கேட்கிறார். இந்தக் கேள்வியை அற்பமானது என்று ஒதுக்குகிறவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. பிறர் நம்மை முதலில் அறிவது முகத்தால். அது பற்றிய கவலைக்கு நேர்மையான பதில் கிடைக்காவிட்டால், அந்த இடத்தை விளம்பரம் நிரப்பிவிடுகிறது.

நான் வலியுறுத்த வந்தது ஒன்றே. தோல் மூப்பைப் பொறுத்தவரை அன்றாடப் பழக்கம்தான் முதல் மருந்து. அந்தப் பழக்கம் பாட்டி சொன்னதாக இருந்தாலும் சரி, ஆய்வகம் தந்ததாக இருந்தாலும் சரி, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்த பிறகே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த மருத்துவம் என்ற பெயருக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

இரு வகை மூப்பு

இந்த அரங்கில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். சட்டைக் கையையோ ரவிக்கைக் கையையோ சற்று மேலே தள்ளி, அக்குளை ஒட்டிய உட்புறத் தோலைப் பாருங்கள். நிறம் சீராக இருக்கும், தொட்டால் வழவழப்பாக இருக்கும், மெல்லிய கோடுகள் மட்டும் தெரியும். இப்போது அதே கையின் புறங்கையைப் பாருங்கள். நிறம் கருத்திருக்கும், ஆங்காங்கே புள்ளிகள் இருக்கும், தோல் சொரசொரப்பாக இருக்கும், கிள்ளி விட்டால் மெதுவாகவே படியும். இரண்டு தோலுக்கும் வயது ஒன்றுதான். ஒன்று வெயில் காணாமல் மூத்தது, மற்றது வெயிலில் மூத்தது.

முதல் வகை மூப்பு பிறப்போடு வருவது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன், வளர்ந்த பருவத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். முகத்தின் எலும்பு தேய்வதும், கன்னத்துக் கொழுப்பு வற்றி இறங்குவதும் இதோடு சேரும். இதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்று யாரிடமும் இல்லை. இருக்கிறது என்று விற்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டாம் வகை வெளியிலிருந்து வருவது: வெயில், புகை, மாசு, கட்டுப்படாத சர்க்கரை. இதில் வெயிலின் பங்கே பெரிது. 2012-ல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. அவர் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய முகத்தின் இடப்பாதி ஆழ்ந்த சுருக்கங்களோடு தடித்துத் தொங்கியது, வலப்பாதி அந்த வயதுக்கு இயல்பாக இருந்தது. சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பி வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ வகையை உள்ளே விட்டுவிடும். அந்த ஏ வகைதான் தோலின் ஆழத்துக்குப் போய்க் கொலாஜனைத் தொடுகிறது. நம் நாட்டு ஓட்டுநர்களுக்கு இருக்கை வலப்பக்கம். அவர்கள் வலக் கன்னத்தையும் வலது முழங்கையையும் பாருங்கள், பாடம் அங்கேயே எழுதியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷரும் ஜான் வோர்ஹீஸும் 1996-ல் விளக்கினார்கள். புற ஊதாக் கதிர் பட்ட சில மணி நேரத்திலேயே கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலுக்குள் பெருகுகின்றன. தோல் சிவக்கத் தேவையான அளவைவிட வெகு குறைந்த கதிரே இதற்குப் போதும். வெட்டுப்பட்ட கொலாஜனைத் தோல் சரி செய்துகொள்ளும், ஆனால் முழுமையாக அல்ல. ஒவ்வொரு முறையும் சிறிது குறை தங்கிவிடுகிறது. அந்தச் சிறு குறைகளின் பல ஆண்டுத் தொகுப்பே நாம் காணும் சுருக்கம். "நான் வெயிலில் அதிகம் நிற்பதில்லை, பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் போவேன்" என்று சொல்கிறவர்களுக்கு நான் தரும் விளக்கமும் இதுவே.

நம்பூர் ஆய்வு

தோல் மூப்பைத் தடுக்கலாம் என்று சொல்வது எளிது, மெய்ப்பிப்பது கடினம். வெயிலை ஒதுக்கியவர் முகம் நன்றாக இருந்தால், அது வெயிலை ஒதுக்கியதாலா, நல்ல உணவாலா, பரம்பரையாலா என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு உலகமே நன்றி சொல்ல வேண்டிய ஓர் ஊர் இருக்கிறது. அது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே உள்ள நம்பூர் என்ற சிற்றூர்.

அடேல் கிரீன் தலைமையிலான குழு 1992-ல் அங்கே 1,621 பேரைச் சேர்த்து, யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தது. ஒரு பகுதியினர் ஒவ்வொரு நாள் காலையும் தலை, கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூச வேண்டும்; வியர்த்தாலோ குளித்தாலோ மீண்டும் பூச வேண்டும். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி விருப்பம்போல் இருக்கலாம். கூடவே, பீட்டா கரோட்டின் மாத்திரையால் பயன் உண்டா என்றும் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. முதலில் நோக்கம் தோல் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான்.

மூப்பை அளந்த விதத்தை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இடது புறங்கையில் சிலிக்கோன் குழம்பை ஊற்றி, அது இறுகியதும் உரித்து எடுத்தார்கள். தோலின் ஒவ்வொரு வரியும் அதில் பதிந்திருக்கும். இளந்தோலில் அந்த வரிகள் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய வலைபோலத் தெரியும். மூத்த தோலில் வலை அழிந்து, ஒரே திசையில் ஆழமான கோடுகள் ஓடும். இந்தப் பதிவை 1992-லும் 1996-லும் எடுத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பெண் இட்டவருக்கு, அந்தப் பதிவு யாருடையது, அவர் எந்தப் பிரிவு என்பது தெரியாது.

55 வயதுக்குட்பட்ட 903 பேரின் முடிவு 2013-ல் வெளியானது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் நாலரை ஆண்டுகளில் தோல் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. விருப்பம்போல் பூசியவர்களோடு ஒப்பிட்டால் மூப்பு 24 சதவீதம் குறைவு. நடுத்தர வயதில் தொடங்கியவர்களுக்கும் பலன் கிடைத்தது. பீட்டா கரோட்டின் மாத்திரையால் ஒட்டுமொத்தமாக எந்தப் பலனும் தெரியவில்லை. இதை இரண்டாகப் பிரித்து நினைவில் வையுங்கள்: காலையில் பூசிய குழம்பு வேலை செய்தது, விழுங்கிய மாத்திரை வேலை செய்யவில்லை. இரண்டையும் ஒரே ஊரில், ஒரே அளவுகோலால் அளந்ததால்தான் இது நமக்குத் தெரிந்தது.

அந்த ஆய்வில் பயன்பட்டது விலையுயர்ந்த பொருள் அல்ல. பாதுகாப்பு எண் 15-ஐ ஒட்டிய சாதாரண சன்ஸ்கிரீன்தான். எண் 30 உள்ளது பி வகைக் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தையும், எண் 50 உள்ளது 98 சதவீதத்தையும் தடுக்கும். எண்ணைத் தேடி அலைவதைவிடப் பூசும் அளவு முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கும் அளவு வேண்டும். பலர் பூசுவது அதில் கால் பங்குதான்.

நம் நிறத் தோலில் மூப்பு

நம்பூர் மக்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர். அங்கே கண்டதை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கிவிடக் கூடாது. நம் தோலில் மெலனின் அதிகம், அது இயற்கைக் கவசம். கறுப்பினத்தவரின் மேல்தோல் பி வகைக் கதிரை பாதுகாப்பு எண் 13 அளவுக்கும், வெள்ளையரின் மேல்தோல் எண் 3 அளவுக்கும் தடுப்பதாக 1979-ல் அளந்தார்கள். நம் தோல் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அதனால் நம் மக்களுக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது. நம்மிடம் மூப்பு முதலில் நிறத்தில்தான் காட்டும்: கன்னத்தில் மங்கு, நெற்றியோரத்தில் கருமை, கண்ணைச் சுற்றி வளையம், கன்னமேட்டில் மரு போன்ற சிறு கரும்புள்ளிகள்.

இதில் மங்கு தனிக் கவனம் கேட்கிறது. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் போன்ற நிறத் தோலைக் கருக்க வைக்கும் என்பது 2010-ல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. அதே ஒளி வெள்ளைத் தோலில் அப்படிச் செய்யவில்லை. வழக்கமான சன்ஸ்கிரீன் இந்த ஒளியைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். மங்குக்காக ஆண்டுக்கணக்கில் பூசியும் பலன் இல்லை என்று வருகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே உதவுகிறது.

வெயிலிலேயே வேலை செய்கிறவர்களுக்கு என்ன சொல்வது? வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தில் நிற்கும் பெண்ணிடம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூசு என்று சொல்வது மருத்துவம் ஆகாது. அவரிடம் அதைவிட நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, பொத்தானை மணிக்கட்டு வரை மாட்டி, தலையில் துண்டைக் கழுத்து மறையக் கட்டிக்கொள்கிறாரே, அதுதான். நெருக்கமாக நெய்த துணி வியர்வையில் வழிந்து போகாது, மதியத்தில் தீர்ந்தும் போகாது. நம் உழைக்கும் பெண்கள் தாமாகக் கண்ட இந்தப் பாதுகாப்பை மருத்துவர்கள் மரியாதையோடு பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுவது அகல விளிம்புத் தொப்பியும், நண்பகலில் நிழலும்.

புகை, சர்க்கரை, தூக்கம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கிறது. அங்கே கூடுகிறவர்களை வைத்துக் கிளீவ்லாந்து மருத்துவர் பாமன் குயுரோன் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 79 ஒரு கரு இரட்டையர் இணைகள் இருந்தன. ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர். அல்லது ஒருவர் மற்றவரைவிட ஐந்து ஆண்டாவது அதிகம் புகைத்தவர். படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு யார் புகைப்பவர் என்று தெரியாது. கண்ணுக்குக் கீழ்ப் பையும், உதட்டைச் சுற்றிய கோடுகளும், தாடை தொங்கலும் புகைத்தவரிடமே கூடுதலாக இருந்தன. மரபணு ஒன்றாக இருக்கும்போது, வேறுபாட்டைப் பரம்பரை மேல் சாற்ற வழியில்லை.

புகை என்றால் பீடி, சிகரெட் மட்டும் இல்லை. ஜெர்மனியில் 400 முதிய பெண்களிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு, வாகனப் புகைக்கரி மிகுந்த பகுதியில் வாழ்ந்தவர்களின் முகத்தில் கரும்புள்ளிகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. சீனாவில் நடந்த ஆய்வொன்று, விறகும் கரியும் எரித்துச் சமைக்கும் பெண்களுக்கு முகச் சுருக்கமும் புறங்கைச் சுருக்கமும் அதிகம் என்று கண்டது. விறகடுப்பின் முன் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதியே வாழ்நாளைக் கழித்த நம் தாய்மாருக்கு இது பொருந்தும். கேஸ் அடுப்பு நுரையீரலைக் காப்பதோடு தோலையும் காக்கிறது.

அடுத்தது சர்க்கரை. இரத்தத்தில் மிகுந்து நிற்கும் குளுக்கோஸ் கொலாஜன் இழைகளில் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்க வைக்கிறது. தோலின் கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்படவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒட்டியது எளிதில் நீங்காது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. கழுத்தில் பட்டுப்போலத் தடித்த கருமை வந்தால் அதைத் தேய்த்துப் போக்க எத்தனையோ வழி பார்க்கிறார்கள். அது அழுக்கு அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடல் வெளியே எழுதிக் காட்டும் அறிகுறி. அங்கே எதையும் பூசுவதைவிட, இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதும் சர்க்கரையைச் சோதிப்பதும் முதல் வேலை.

தூக்கத்தைப் பற்றி 2010-ல் சுவீடனில் எளிய ஆய்வு ஒன்று நடந்தது. 23 பேரை நன்றாகத் தூங்கிய பிறகு ஒருமுறையும், தூக்கம் கெட்ட பிறகு ஒருமுறையும் ஒரே தொலைவில், ஒப்பனை இல்லாமல் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த 65 பேர், சராசரியாகத் தூக்கம் கெட்ட முகத்தை உடல்நலமும் பொலிவும் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். எந்தப் படம் எப்போது எடுத்தது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. இது ஓர் இரவின் தோற்றம் பற்றியதே, நீண்ட கால மூப்பு பற்றியது அல்ல. அந்த எல்லையைத் தாண்டி நான் இழுக்க மாட்டேன்.

உண்பதும் விழுங்குவதும்

உணவால் தோல் மூப்பு குறையுமா? இங்கே சான்று ஓரளவே உண்டு. மான்செஸ்டரில் 20 பெண்கள் 12 வாரம் நாள்தோறும் 55 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு உண்டார்கள், அல்லது எண்ணெயை மட்டும் உண்டார்கள். தக்காளி உண்டவர்களின் தோல் புற ஊதாக் கதிரைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கியது. எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்து லைகோபீன் நன்றாக உடலில் சேரும். நம் வீட்டுத் தக்காளித் தொக்கு அந்த வகையில் நல்ல பண்டம்தான். ஆனால் 20 பேரின் ஆய்வை வைத்துத் தொக்கை மருந்து என்று அறிவிக்கக் கூடாது. காய், கீரை, பழம், பருப்பு, மீன் சேர்ந்த முழு உணவே நான் பரிந்துரைப்பது. அதன் பலன் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உறுதியாக உண்டு, தோலுக்குக் கிடைப்பது கூடுதல் வரவு.

கொலாஜன் பொடிகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் செலவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். 23 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிய பகுப்பாய்வு 2025-ல் வந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் பலன் இருப்பதுபோல் தெரிந்தது. விற்கும் நிறுவனங்களின் நிதி பெறாத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் மறைந்துவிட்டது. மாணவர்களே, ஓர் ஆய்வை வாசிக்கும்போது முடிவைப் பார்ப்பதற்கு முன் நிதி யார் தந்தது என்று பாருங்கள்.

கார்போகரிசி சொல்லும் பாடம்

நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டால் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ இவற்றோடு கார்போகரிசியும் கட்டித் தருவார்கள். கறுப்பாக, சிறுநீரக வடிவில், கையில் எடுத்தால் தனி வாசனையோடு இருக்கும் சிறு விதை அது. சித்த மருத்துவம் இதை நெடுங்காலமாகத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தி வருகிறது.

இந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த பகுச்சியால் என்ற பொருளை, கலிஃபோர்னியாவில் ராஜா சிவமணி குழுவினர் சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினாலோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 44 பேர், 12 வாரம். சுருக்கமும் கருமையும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தன. ரெட்டினால் பூசியவர்களுக்குத் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம் இருந்தன. நம் மருந்துக்கடை விதை ஒன்று முறையான சோதனையில் தேறி நின்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

ஆனால் பாதிச் செய்தியோடு நிறுத்தக் கூடாது. அதே விதையில் சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால், தோல் வெந்து கருக்கும். வெண்புள்ளி நோயில் நிறத்தை வரவழைக்கச் சோராலெனைப் பயன்படுத்துவதே இந்தக் குணத்தால்தான். சுத்திகரித்த பகுச்சியாலில் சோராலென் நீக்கப்பட்டிருக்கும். வீட்டில் அரைத்த கார்போகரிசி விழுதில் அது அப்படியே இருக்கும். பகுச்சியால் நல்லது என்று கேள்விப்பட்டு, விதையை அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு வெயிலில் போனால், மங்குக்கு மருந்து தேடியவர் புதுக் கருமையோடு வருவார். ஒரே விதை, ஒரு வகையில் மருந்து, மறு வகையில் கேடு. எதை எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம், எப்போது பூசுகிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

வல்லாரையின் மேடகாசோசைடு என்ற பொருளை வைட்டமின் சி-யோடு சேர்த்துப் பூசியபோது வெயிலில் மூத்த தோல் ஓரளவு தேறியதாக ஒரு சிறு ஆய்வு உண்டு. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதென்று பிலிப்பைன்ஸில் 34 பேரிடம் சோதித்துக் காட்டினார்கள். எண்ணெய்க் குளியலின் முதன்மைப் பயன் இதுவே: முதிர்ந்த தோலின் ஈரப்பதத்தைப் பிடித்து வைப்பது. குளித்துத் துவட்டிய ஈரத்திலேயே கொஞ்சம் எண்ணெய் தடவுவது அறுபதைத் தாண்டியவர்களின் அரிப்புக்கு நல்ல தீர்வு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், நிறம் வெளுக்கும் கிரீம் பூசிய இளையோருக்குச் சிறுநீரகம் கெட்டது. அந்தக் கிரீம்களில் பாதரசம் இருந்தது. அதே வகைச் சிறுநீரக நோய் சில நாட்டு மருந்துகளை உண்டவர்களிடமும் வருவதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களும் இப்படித்தான். இந்திய மருத்துவர்கள் 2,926 நோயாளிகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டபோது, அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசுபவர்களாக இருந்தார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் தெரிந்து, சிவந்து, பருவெடுத்து நிற்கும். மூப்பைத் தள்ளிப்போடப் பூசியது மூப்பைக் கொண்டுவந்துவிடும். பாரம்பரியம் என்ற பெயரோ, நவீனம் என்ற பெயரோ ஒரு பொருளுக்குப் பாதுகாப்புச் சான்று ஆகாது.

ரெட்டினாயிடின் இரு பக்கங்கள்

பூசும் மருந்துகளில் மிக உறுதியான சான்று பெற்றது டிரெட்டினாயின் என்ற ரெட்டினாயிடு. பருவுக்கு வந்த மருந்தைப் பூசிய நடுத்தர வயதினர் தோல் வழவழப்பானதாகச் சொன்னதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் கவனித்தார். 1988-ல் மிச்சிகன் குழு முறையான சோதனையில் அதை உறுதி செய்தது. நம் தோலில் இதை இரவில் மட்டும், பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு மூன்று நாள் என்று தொடங்க வேண்டும். எரிச்சல் வந்தால் நம் நிறத்தில் அது கருமையாக மாறிவிடும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

இந்த மருந்தின் வரலாற்றில் இருள் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கிளிக்மன் கைதிகள் மேல் சோதனைகள் நடத்தினார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். என்ன பூசப்படுகிறது, என்ன ஆகும் என்ற விவரம் அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021-லும், ஃபிலடெல்ஃபியா நகரம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. அழகியல் மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். சான்று தேடுவது கடமை. அந்தத் தேடலில் மனிதரின் சம்மதமும் கண்ணியமும் அதைவிடப் பெரிய கடமை.

மருத்துவர் அறையில்

கேள்வியோடு வருகிறவருக்கு நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் கேட்டறிவது: வேலை என்ன, வெயில் எவ்வளவு, புகை உண்டா, சர்க்கரை உண்டா, தூக்கம் எப்படி, முகத்தில் என்னென்ன பூசுகிறார். அந்தக் கிரீம் டப்பாவை எடுத்துவரச் சொல்லிப் பின்புற எழுத்தை நானே படிப்பேன். இரண்டாவது நிறுத்துவது: தீங்கானதையும் தேவையற்றதையும். பெரும்பாலும் பட்டியல் பாதியாகிவிடும். மூன்றாவது காப்பது: துணி, குடை, சன்ஸ்கிரீன், ஈரப்பதம். நான்காவது இரவில் ரெட்டினாயிடு. இவ்வளவும் ஆறு மாதம் நடந்த பிறகே ஊசியும் லேசரும்.

அவற்றை நான் வெறுப்பவன் அல்லன். வான்கூவரின் கரூதர்ஸ் தம்பதி 1992-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த போட்டுலினம் ஊசி, உரியவருக்கு உரிய இடத்தில் நல்ல பலன் தருகிறது. ஆனால் ஃபில்லர் ஊசி இரத்தக் குழாயை அடைத்தால் பார்வையே போகக்கூடும். நம் நிறத்துக்கு ஏற்ப அளவு குறைக்காத லேசர் தழும்பையும் கருமையையும் விட்டுப்போகும். பயிற்சி பெறாத கையில், அழகு நிலையத்தில் இவற்றைச் செய்துகொள்ள வேண்டாம் என்று இந்த மேடையிலிருந்து வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வந்தவர் சொல்லாத குறையை நாம் சுட்டிக்காட்டி விற்கக் கூடாது. மங்குக்கு வந்தவரிடம் "கன்னம் தொங்குதே, அதையும் பார்க்கலாமா?" என்று கேட்பது, நம்பி வந்தவரின் மனத்தில் நாமே புதிய காயம் உண்டாக்குவது. முதுமை நோய் அல்ல. வெயிலும் புகையும் முன்கூட்டியே இழுத்து வந்த பகுதியை மட்டுமே நாம் குறைக்க முயல்கிறோம்.

நிறைவாக ஒரு திட்டத்தை இந்த அவையின் முன் வைக்கிறேன். நம்பூரில் நடந்ததுபோல் ஓர் ஆய்வு நம் மண்ணில், நம் நிறத் தோலில் நடக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு முழுக்கைத் துணியும் தொப்பியும், ஒரு பிரிவுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன், ஒரு பிரிவுக்குக் கார்போகரிசி நீக்கிய நலங்கு மாவு என்று பிரித்து, முழுச் சம்மதம் பெற்று, மூன்று நான்கு ஆண்டு தொடர வேண்டும். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நம் மருத்துவக் கல்லூரிகளில் தோல் துறைகள் இருக்கின்றன. இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து, முடிவு யாருக்குச் சாதகமாக வந்தாலும் அதை அப்படியே வெளியிடுவோம் என்று முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெரும் செலவு பிடிக்கும் கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. பொறுமையும் நேர்மையும் வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் முதுநிலை மாணவர்களில் யாராவது இதைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டால், என் நோயாளர் பதிவேடுகளையும் என் நேரத்தையும் அவருக்குத் தரக் காத்திருக்கிறேன்.